காசியில் விட்ட கத்தரிக்காய்

கத்தரிக்காய் விஷயத்தில் நான் கொஞ்சம் பலவீனமானவள். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்த புதிதில், நான் அம்மாவை நினைத்து அழுததைவிட ஊர் வெள்ளைக் கத்தரிக்காயை நினைத்து அழுததுதான் அதிகம் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊர் ஊதாக் கத்தரிக்காய் சீக்கிரமே என்னை மடக்கிப் போட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போவேன். மூட்டை மூட்டையாக வாங்க வந்த வியாபாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒவ்வொரு காயாகக் காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவேன். கடைக்காரர் முறைப்பார். நானும் முறைப்பேன். எண்ணெய்க் கத்தரிக்காயோ, தீயலோ, சும்மா சுட்டுப் பிசைந்ததோ, எனக்கு எல்லாம் சம்மதம். அவர், நான், எங்கள் ஒரே மகன் என்று வீட்டில் மொத்தமே மூன்று பேர். மூன்று பேருக்கா இவ்வளவு என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குக்காரம்மா பையை எட்டிப் பார்த்துக் கேட்பார்.

இதைச் சொல்லாமல் மேலே போனால், நான் காசியில் விட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது யாருக்கும் விளங்காது.

அவர் பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. லீவும் கொடுத்து, ரயில் செலவும் கொடுத்து, எங்கேயாவது போய்விட்டு வா என்று ஆபீஸே அனுப்பிவைக்கும். எங்கள் குவார்ட்டர்ஸில் யார் புண்ணியம் தேடிக் கிளம்பினாலும் எல்.டி.சி.யில்தான் கிளம்புவார்கள். அவருடைய அம்மா தவறி வருஷம் திரும்பிய பிறகு நாங்களும் அப்படித்தான், இன்னும் சில குடும்பங்களோடு, செகந்திராபாத்தில் ரயில் ஏறினோம். மாதாப்பூரில் பாறைகளை வெடி வைத்து உடைத்துக் கண்ணாடிக் கட்டடமாகக் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தக் கட்டடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன், அப்போது ஆன்சைட் என்று கம்பெனி அனுப்பி லண்டனில் இருந்தான்.

காசிக்குப் போகிறவர்கள் அப்படியே கயாவுக்கும் போய், அங்கே ஆலமரத்தடியில் பித்ருக்களுக்குப் பிண்டம் வைத்துவிட்டு, ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று மூன்றை விட்டுவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவற்றைத் தொடக்கூடாது. விடுவது கயாவில் என்றாலும் பேர் என்னவோ காசிக்குத்தான். 'காசியில விட்டாச்சு' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பிரியமானதை விட வேண்டும் என்பது ஐதீகம். யார் விடுகிறார்கள்? கூட வந்த குடும்பங்கள் ரயிலிலேயே கூடிக்கூடிப் பேசி, கண்ணில் படாத காய் எது, கடையில் கிடைக்காத பழம் எது என்று முடிவு பண்ணி வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம். கோவைக்காய் என்று சொல்வதாக இருந்தேன்.

பிண்டம் வைக்கும்போது அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. மந்திரம் முடிந்ததும் புரோகிதர், எந்தெந்தப் பொருளை விடுகிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாகற்காய், விளாம்பழம், தாமரை இலை என்றார். பாகற்காய் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனுஷன். விளாம்பழத்தை அவர் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூட வாசலில். தாமரை இலையில் அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அவ்வளவு துக்கத்திலும் மனுஷனுக்கு அந்த நிதானம் தப்பவில்லை.

பிறகு புரோகிதர் என் பக்கம் திரும்பினார். கோவைக்காய் நாக்கு நுனியில் இருந்தது. என் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. ஆனால் நான் செய்கிற எண்ணெய்க் கத்தரிக்காயை மட்டும் படுக்கையில் கிடந்த காலத்திலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை நினைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் நின்றபோது, கோவைக்காய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கத்தரிக்காய் என்றேன். என் வீட்டுக்காரர் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் ரயில் நாக்பூர் வருவதற்குள் வருத்தம் வந்துவிட்டது.

முதல் சில மாதங்கள் சிரமம்தான். சொப்பனத்தில்கூடக் கத்தரிக்காய் வதக்கினேன். போவன்பள்ளியில் அந்தக் குவியல் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தபோதுதான், கத்தரிக்காய்க் குவியலை உரசிக்கொண்டு வந்திருக்கிறேன், அதைக் கவனிக்கவே இல்லை என்று தெரிந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இது இல்லாமல் இருக்க முடியாது என்று நாம் நினைக்கிறதெல்லாம் இல்லாமலும் இருக்க முடிகிறது. நாளைக்குப் பெரிசாக ஒன்றை விட வேண்டி வரும்போது கை நடுங்கக்கூடாது என்றுதான் காயை விட்டுப் பழகச் சொன்னார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஞானத்தை நான் மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. கல்யாண வீடுகளில் கத்தரிக்காய் பரிமாற வந்தால், இலைக்கு மேலே கையை விரித்து, "காசியில விட்டாச்சு" என்பேன். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தரிக்காயையா விட்டீங்க என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையைக் குனிந்துகொள்வேன். அந்தக் குனிவில் எவ்வளவு ருசி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். குவார்ட்டர்ஸில் பஜனை முடிந்து சாப்பாடு போடும்போது, இந்த அம்மாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று எல்லாரும் ஞாபகம் வைத்திருந்து தனியாகச் செய்தார்கள். இத்தனைக்கும் அன்றைக்கு என்ன இலை சொன்னேன் என்பது எனக்கு அடியோடு மறந்துவிட்டது. எந்த இலையை இத்தனை வருஷமாக மீறிக்கொண்டிருக்கிறேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதற்கிடையில் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். ஊரும் உறவும் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே குரலில் பாகற்காய் ஜூஸ் என்றார்கள். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"நக்கோ. காசியில விட்டாச்சு" என்றார். இந்த ஊரில் இருந்து இருந்து, வேண்டாம் என்பதற்கு அவருக்கு நக்கோதான் முதலில் வரும்.

உடம்புக்கு என்றால் தப்பில்லை, சாமி ஒன்றும் சொல்லாது என்று நான் மன்றாடிப் பார்த்தேன். விட்டது விட்டதுதான், நீ உன் கத்தரிக்காயைத் தொடுவாயா என்று கேட்டார். என் பெருமையை எடுத்து என் வாயையே அடைத்தார். பிடிக்காததை விட்ட மனுஷனும் பிடித்ததை விட்ட நானும் ஒரே தராசில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் அவருக்கு ரசமும் அப்பளமும்தான் போட்டேன்.

மகன் லண்டனிலிருந்து திரும்பி வந்தான். வந்த சில மாதத்தில், ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தெலுங்குப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அவளுடைய அப்பாவுக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நல்ல குடும்பம் என்றான். நான் அப்போது திருநெல்வேலியிலிருந்து மூன்று ஜாதகங்கள் வரவழைத்து வைத்திருந்தேன். பெரிசாக ஒன்றை விடும் நேரம் வந்துவிட்டது. என் கை நடுங்கவில்லைதான். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பல மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை சரியில்லை. நம் வீட்டுத் தமிழ் இனி யாரோடு பேசுவேன் என்று அழுதேன். நீ இப்பவே பாதி தெலுங்குதான் பேசுதே என்று அவர் சொன்னார். அதற்கும் ரசம் அப்பளம். ஆனால் என் பயம் மொழியைப் பற்றியது இல்லை என்று உள்ளுக்குள் தெரியும். அவன் தானாகப் பார்த்து, தானாகத் தீர்மானித்திருக்கிறான். இனி அவனுக்கு நான் எதற்கு என்பதுதான் பயம். அவன் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். சண்டையே போடாமல் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எம்மா, நீ வேண்டாம்னா நான் அவளைக் கட்டிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்றான். என்னை மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னான். ஒரு தடவை அவளைப் பார் என்று கேட்டான். சரி, வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். பார்த்துவிட்டுச் சரிப்படாது என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒல்லியான பெண். எண்ணெய் ஒழுகிவிடக்கூடாது என்று துணி சுற்றிய தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாசலிலேயே நின்று, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"சொகமா இருக்கியளா அத்தை?"

எங்கள் ஊர்ப் பேச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகனே என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் பேசுவது பாதி தெலுங்கு, கால் இந்தி, மிச்சம் இங்கிலீஷ். நான் வீட்டுக்குள் பேசுவதை அவன் இத்தனை வருஷமும் காதில் வாங்கி எங்கேயோ வைத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. நாங்கள் தெலுங்கில் பேசினோம். நான் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்துக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். நான் சாம்பாரும் அவியலும் செய்திருந்தேன். அவள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். குத்தி வங்காய கூர. கத்தரிக்காயைக் காம்போடு நான்காகக் கீறி, வேர்க்கடலையும் எள்ளும் கொப்பரையும் அரைத்து அடைத்து, எண்ணெய் மிதக்கச் செய்திருந்தாள். அந்த வாசனை மேஜை முழுக்க எழும்பியது.

"எம்மா, உனக்குன்னா இது உயிருன்னு நான்தான் சொன்னேன்" என்றான் மகன், முகமெல்லாம் பல்லாக.

கயாவிலிருந்து வந்ததும் நான் இவனுக்குப் போனில் விவரமாகச் சொல்லியிருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டியிருக்கிறான், கழுதை. திரும்பி வந்த பிறகும் பாதிச் சாப்பாடு ஆபீஸ் கேன்டீனில்தான், வீட்டில் கத்தரிக்காய் இல்லாததையே கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் சாம்பார்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவருக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சிரித்துக்கொண்டே சொல்லலாம். காசியில விட்டாச்சும்மா. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தெய்வ காரியம். அவள் தூக்குச்சட்டியை மூடிக்கொள்வாள். அவள் முதன்முதலாகக் கொண்டுவந்தது இந்த வீட்டில் ஏறவில்லை என்பது ஆயுசுக்கும் அவளோடு போகும். நான் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாமலே ஜெயித்துவிடுவேன். இத்தனை வருஷம் கல்யாண வீடுகளில் பழகிப்பழகி, கை தானாகத் தட்டுக்கு மேலே விரியப் பார்த்தது.

நாங்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவள் பயந்துபோனாள். பூச்சி இருக்குமோ என்று நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. தெலுங்கில் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். காயெல்லாம் போவன்பள்ளியில் வாங்கியதாம். நான் வேறெங்கும் வாங்க மாட்டேன் என்று மகன் சொல்லியிருந்தானாம். நைட் ஷிப்டு முடிந்த அப்பா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மார்க்கெட்டுக்கு வந்து அவளோடு சேர்ந்துகொண்டாராம். ஒவ்வொரு காயாகக் காம்பைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது அந்த அம்மாவுக்கு ஆகும், இது ஆகாது என்று அவர்தான் பொறுக்கினாராம். கடைக்காரன்கூடத் திட்டினானாம்.

நான் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த நிமிஷம் பார்த்தேன். கண்ணெல்லாம் எரிய, தூக்கம் கெட்டு, நான் நிற்கிற அதே இடத்தில் நின்று, யார் வீட்டுக்கோ போகப்போகிற பெண்ணுக்காக, முகம் தெரியாத என் வாய்க்காகக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் மகளை விட்டுவிட மனசு வந்திருக்குமா? பிடித்துக்கொண்டிருந்த கையால்தான் அவர் அந்தக் காயைப் பொறுக்கியிருப்பார்.

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஒன்று வைத்தாள். காம்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். எத்தனை வருஷம் கழித்து. எண்ணெயும் எள்ளும் அந்தக் குழைந்த சதையும் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் அதிகமா என்று அவள் பதறினாள். இல்லை, உப்புத்தான் ஒரு கல் கம்மி என்றேன். உண்மையிலேயே கம்மிதான். இன்னொன்று வை என்றேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் கரண்டியைக் கீழே வைத்தார்.

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த மகன் அடுப்படி வாசலில் தயங்கி நின்றான். லண்டனில் காதில் விழுந்தது இப்போதுதான் மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"எம்மா, நீ காசில..."

"பேசாம இருலே. ஜாதகம் எதுவும் பார்க்கப் போறதில்ல. அவ அப்பாவை ஒருநாள் வரச் சொல்லு" என்றேன். அவன் சின்னப் பிள்ளையில் செய்கிற மாதிரி என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

மறுநாள் காலையில் அடுப்படியில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். என் வீட்டுக்காரர், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, பாகற்காய் அரைத்துக்கொண்டிருந்தார். என்ன கூத்து இது என்று கேட்டேன்.

"நீயே உன் வைராக்கியத்தை விட்டுட்டே. இனி நான் மட்டும் எதைப் பிடிச்சிக்கிட்டு இருக்க?" என்றார். வடிகட்டி, டம்ளரில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தைக் கல்யாணமான புதிதில்கூட நான் உணர்ந்ததில்லை.

கல்யாணம் நடந்தது. அவள் அப்பாவும் என் வீட்டுக்காரரும் சர்க்கரை, பிரஷர் என்று பேசிப்பேசி நண்பர்களாகிவிட்டார்கள். அவள் வரும்போதெல்லாம் கத்தரிக்காய் செய்வாள். நான் உப்பைக் குறை சொல்வேன். உங்களுக்காகத்தான் கம்மியாகப் போட்டேன், பிரஷர் இல்லையா என்பாள். கல்யாண வீடுகளில் நான் கையை விரிப்பதை நிறுத்திக்கொண்டேன். பிறகு இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்தது. இந்தத் தடவை ஆன்சைட் இல்லை, அங்கேயேதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தில், இதற்குமேல் வரக்கூடாது என்று காவலர் தடுக்கிற வாசல்வரைக்கும் நாங்களும் அவள் அப்பாவும் போனோம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, குளிருக்குக் காதை மூடிக்கொள், உப்பு பார்த்துப் போடு என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

"கைய விடுளா. பிள்ளைகள் போகணும்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நான் பிடித்திருந்தது மகன் கையை இல்லை. அவன் தள்ளுவண்டியோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையைத்தான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவளும் இழுக்காமல் நின்றிருந்தாள். விட்டேன். விடும்போது கை நன்றாகவே நடுங்கியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் போவன்பள்ளியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் போய்ப் பாகற்காய் வாங்கினார். நான் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காயை எடுத்துக் காம்பைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பூச்சி இல்லை, நல்ல காய். திருப்பி வைத்துவிட்டேன். அவள் வந்து செய்து போட்டால் சாப்பிட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் காசியில் விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.